பீக்கன் வாங்கிவிட்டேன், இனி எதைக் கற்பது? (பேக்கன்ட்ரி ஸ்கீயும் பனிச்சரிவும்)

புதுச்சறுக்கு

எல்லோருக்கும் வணக்கம். நான்கு பருவங்களாக ரிசார்ட் எல்லைக்குள் ஸ்கீ ஓட்டி வருகிறேன். சிவப்பு, கறுப்பு ஓட்டங்களில் தடுமாறாமல் இறங்குவேன். இந்தப் பருவம் லிஃப்டை விட்டுவிட்டு, ஸ்கீக்கு அடியில் ஸ்கின் (பின்னால் வழுக்காமல் பிடிக்கும் பட்டை) ஒட்டி நானே ஏறி, யாரும் மிதிக்காத பனியில் இறங்கிப் பார்க்க ஆசை. என்னோடு மூன்று நண்பர்கள் வருகிறார்கள். அதில் ஒருவர் ஆறேழு வருடமாக இப்படி டூரிங் போகிறவர்.

பீக்கன் (புதைந்தவரைத் தேட உதவும் சிக்னல் கருவி), புரோப் (பனியில் குத்தித் தேடும் நீளக் கம்பி), ஷவல் (பனி அள்ளும் கருவி) மூன்றும் வாங்கியாகிவிட்டது. காணொளிகளும் நிறையப் பார்த்துவிட்டேன். பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் மிச்சம். ஒருவர் குழி வெட்டிப் பனியைப் பார் என்கிறார், இன்னொருவர் அதெல்லாம் வேண்டாம் என்கிறார். இரண்டு நாள் பயிற்சி வகுப்பு ஒன்றில் சேரப் பணம் கட்டியிருக்கிறேன், தொடங்க ஐந்து வாரம் இருக்கிறது. அதுவரை எதை, எந்த வரிசையில் கற்பது? ஏர்பேக்கும் (பிடியை இழுத்தால் பலூன் விரியும் முதுகுப்பை) வாங்கிவிடலாமா?

மலைக்காகம்

வாங்க. முதலில் வாங்கிய மூன்று பொருளைப் பற்றி ஒரு வார்த்தை. அவை மூன்றும் பனிச்சரிவு நடந்து முடிந்த பிறகு வேலை செய்பவை. அதிலும் உங்கள் பீக்கன் உங்களைக் காப்பாற்றாது. உங்கள் நண்பரின் கையில் இருக்கும் பீக்கன்தான் உங்களைத் தேடும். ஆகவே நீங்கள் நன்றாகப் பயிற்சி எடுத்தால் பலன் உங்கள் நண்பருக்கு. அவரும் எடுக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வரிசை கேட்டீர்கள். என் வரிசை இது: தினசரிப் பனிச்சரிவு அறிக்கையை வாசிக்கப் பழகுவது, சரிவின் கோணத்தைப் பார்க்கப் பழகுவது, பிறகு மீட்புப் பயிற்சி. குழி வெட்டுவது ரொம்பப் பின்னால்.

கோணத்தை ஏன் இவ்வளவு முன்னால் வைக்கிறேன் என்றால், ஒரு ஸ்கீக்காரர் கிளப்பிவிடும் பலகைச் சரிவுகள் (ஒட்டிச் சேர்ந்த பனி ஒரே பலகையாக அறுந்து இறங்குபவை) பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரையுள்ள சரிவுகளில்தான் கிளம்புகின்றன. 38 பாகையைச் சுற்றி உச்சம். 30க்குக் கீழே கிளம்புவது அபூர்வம். 50க்கு மேல் பனி தங்காமல் அவ்வப்போது தானே உதிர்ந்துவிடும். நாம் ஓட்ட ஆசைப்படும் சரிவு எது என்று பாருங்கள்: அதே 35, 38. அங்கேதான் வம்பு.

பனிக்குள் என்ன இருக்கிறது என்று யாராலும் முழுதாகச் சொல்ல முடியாது. கோணத்தை மட்டும் வீட்டில் உட்கார்ந்தே வரைபடத்தில் அளக்கலாம், களத்தில் கருவி வைத்துச் சரிபார்க்கலாம். நிச்சயமாகத் தெரிந்துகொள்ளக் கூடியது ஒன்று கிடைக்கும்போது அதை முதலில் பிடிக்க வேண்டாமா?

குழிவெட்டி

மலைக்காகம் சொல்வதைப் பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குழியை இப்படி ஒதுக்கித் தள்ளுவது சரியில்லை. பனி அடுக்கடுக்காக விழுகிறது, ஒவ்வோர் அடுக்கும் ஒவ்வொரு வானிலையின் எச்சம். அதைக் கண்ணால் பார்க்காமல், கையால் தொடாமல், அறிக்கையில் ‘நிலைத்த பலவீன அடுக்கு’ என்று எழுதியிருப்பதை வாசித்தால் என்ன புரியும்? ஏட்டுச் சுரைக்காய்தான்.

பலகைச் சரிவுக்கு வேண்டியவை: மேலே ஒட்டிச் சேர்ந்த ஒரு பலகை, அடியில் பலவீனமான அடுக்கு, போதிய சரிவு, கிளப்பிவிட ஓர் எடை. பலவீன அடுக்கு ஒரே இடத்தில் நொறுங்கினால் போதும், அந்த விரிசல் பக்கவாட்டில் ஓடி, பலகை முழுவதும் ஒரே நேரத்தில் அறுந்து இறங்கும். நீங்கள் நிற்கும் இடத்துக்கு மேலேயே அறுபடும். அதனால்தான் ‘வேகமாக ஓட்டித் தப்பிவிடுவேன்’ என்ற பேச்சு நடக்காது.

இந்தப் பலவீன அடுக்கு உருவாகும் விதம் அழகானது. தரையில் படிந்த பனியின் அடிப்பகுதி, தரையை ஒட்டி, ஏறக்குறைய பூஜ்யம் பாகையில் இருக்கும். மேற்பரப்போ குளிர்ந்த தெளிந்த இரவுகளில் மைனஸில் எங்கோ போய்விடும். பனி மெலிதாக இருந்தால் அந்த வித்தியாசம் குறைந்த தடிமனுக்குள் அடங்க வேண்டியிருக்கிறது. 10 சென்டிமீட்டருக்கு 1 பாகை செல்சியஸ் என்ற அளவைத் தாண்டினால், நீராவி அடியிலிருந்து மேலே நகர்ந்து, படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டாத கோணல் மணிகளாக மாறுகின்றன. கையில் அள்ளினால் சர்க்கரை போல உதிரும். அதன்மேல் ஒரு புயல் வந்து அரை மீட்டர் பனியைப் போட்டால் பலகை தயார். பருவத் தொடக்கத்தில் பனி குறைவாக இருக்கிறது, அதனால் ஆபத்தும் குறைவு என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நீட்டிய தூண் சோதனை என்று ஒன்று உண்டு. சரிவுக்குக் குறுக்கே 90 சென்டிமீட்டர், இறக்க வாக்கில் 30 சென்டிமீட்டர் உள்ள ஒரு தூணை வெட்டி, ஓர் ஓரத்தில் ஷவலை வைத்து மணிக்கட்டிலிருந்து பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. விரிசல் தூணின் மறு ஓரம் வரை ஒரே ஓட்டமாக ஓடினால், அன்றைக்கு அந்த மாதிரிச் சரிவுகளை விட்டுவிட வேண்டும். இருபது நிமிட வேலை. இதைக்கூடச் செய்யாமல் மலைக்குப் போவானேன்?

மலைக்காகம்

குழிவெட்டி, நீங்கள் சொன்ன இயற்பியலில் எனக்குச் சண்டை இல்லை. சண்டை எங்கே என்றால், புதியவர் ஒருவர் குழி வெட்டுவார், விரிசல் ஓடாது, ‘பனி நன்றாக இருக்கிறது’ என்று முடிவு கட்டி 38 பாகைச் சரிவில் இறங்குவார். இருபது மீட்டர் தள்ளிக் காற்று வேறு மாதிரி அடித்திருக்கும், அடியில் ஒரு பாறை இருக்கும், பனி அங்கே பாதித் தடிமன்தான் இருக்கும். ஒரு தூண் ஒரு சரிவுக்குச் சாட்சி சொல்லாது.

போகாதே என்று சொல்லக் குழியைப் பயன்படுத்துங்கள். போ என்று சொல்ல அதைப் பயன்படுத்தாதீர்கள். இந்த ஒருவழிப் பாதையை ஒப்புக்கொண்டால் நானும் உங்களோடு சேர்ந்து வெட்டுகிறேன்.

குழிவெட்டி

ஒப்புக்கொள்கிறேன். அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

ஆலங்கட்டி

இடையில் ஒரு சொல் விஷயம், மன்னிக்கவும். செய்திகளில் எப்போதும் ‘பனிப்பாறைச் சரிவு’ என்றே எழுதுகிறார்கள். பனிப்பாறை உடைந்து விழுவது வேறு சங்கதி. இங்கே பேசுவது பனிச்சரிவு. நல்லவேளை, இந்த இழையில் யாரும் பாறையை உருட்டவில்லை.

இன்னொன்று. நமக்குப் ‘பனி’ என்றால் முதலில் இரவில் புல்லின்மேல் இறங்கும் துளிதான். முன்பனி, பின்பனி எல்லாம் அதுதான். வானத்திலிருந்து விழும் வெள்ளைப் பொருளுக்கும் அதே சொல்லைக் கொடுத்துவிட்டோம். இப்போது வேடிக்கையைப் பாருங்கள். காற்றில்லாத தெளிந்த இரவில், குளிர்ந்த பனிப் பரப்பின்மேல் காற்றிலுள்ள ஈரம் நேராகப் படிகமாகப் படிந்து, இறகு இறகாக மின்னும். மேற்பரப்பு உறைபனி. நம் புல்மேல் பனியின் குளிர்நாட்டு உறவுக்காரன். காலையில் பார்க்க வைரம் இறைத்த மாதிரி இருக்கும். அதன்மேல் அடுத்த புயல் விழுந்து மூடினால், சீட்டுக்கட்டை நிற்க வைத்து அதன்மேல் மெத்தை போட்ட கதை. வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஆக, பனிமேல் பனி பெய்து அதன்மேல் பனி விழுந்தால் பனிச்சரிவு. மொழிபெயர்ப்பாளர்களுக்கு என் அனுதாபங்கள்.

கணக்குப்பிள்ளை

சிலருக்கு எண் இருந்தால்தான் மனதில் பதியும். எனக்கும் அப்படித்தான்.

50 மீட்டர் அகலம், 40 மீட்டர் நீளம், அரை மீட்டர் தடிமன் உள்ள ஒரு பலகை. பெரிய சரிவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கனஅளவு 1000 கன மீட்டர். ஒரு கன மீட்டருக்கு 200 கிலோ என்று வைத்தால் 200 டன். இதைத்தான் ‘சின்னதாக ஒன்று இறங்கியது’ என்று பேசிக்கொள்கிறோம்.

புதைந்தவர்களின் கணக்கு: சுவிட்சர்லாந்துத் தரவுகளை வைத்து 1994இல் வந்த ஆய்வில், முழுதாகப் புதைந்தவர்களில் 15 நிமிடத்துக்குள் எடுக்கப்பட்டவர்கள் 92 விழுக்காடு பிழைத்தார்கள். 35 நிமிடத்தில் அது 30 விழுக்காடு. கனடாவின் தரவுகளை வைத்து 2011இல் வந்த ஆய்வோ, பிழைக்கும் வாய்ப்பு குறையத் தொடங்குவது 10 நிமிடத்திலேயே என்று காட்டியது. மூச்சில் வெளிவரும் ஈரம் முகத்துக்கு முன்னால் பனிக்கட்டி முகமூடி போல உறைந்துவிடும், விட்ட மூச்சையே திரும்ப இழுக்க வேண்டி வரும். ஹெலிகாப்டர் வரும் என்ற கணக்கு இதில் எங்குமே பொருந்தாது. பக்கத்தில் நிற்பவர்தான் மீட்புக் குழு.

இன்னோர் எண்: பனிச்சரிவில் இறப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் மூச்சுத்திணறலால் இறப்பதில்லை. மரத்தில், பாறையில் மோதி இறக்கிறார்கள். அவர்களுக்குப் பீக்கன் எவ்வளவு வேகமாகத் தேடினாலும் ஒன்றுதான்.

ஏர்பேக் பற்றிக் கேட்டீர்கள். அசையும் துகள் கூட்டத்தில் பெரிய பொருள்கள் மேலே வரும் என்ற தத்துவம். ஒரு பெட்டியில் கல்லும் மணலும் போட்டுக் குலுக்கிப் பாருங்கள், கல் மேலே வரும். 2014இல் வந்த ஆய்வு ஒன்றில், சரிவில் நன்றாகச் சிக்கியவர்களிடையே இறப்பு 22 விழுக்காட்டிலிருந்து 11 ஆகக் குறைந்தது. பாதி. ஆனால் அதே ஆய்வில் ஐந்தில் ஒரு ஏர்பேக் விரியவே இல்லை, பெரும்பாலும் பிடியை இழுக்காததால். மேலும், கீழே பள்ளமோ மரமோ இருந்தால் பலூன் என்ன செய்யும்? பணம் மிச்சம் இருந்தால் வாங்குங்கள். வகுப்புக்குக் கட்டிய பணத்தைத் திரும்ப வாங்கி இதில் போடாதீர்கள்.

புதுச்சறுக்கு

200 டன் கணக்கு தூக்கத்தைக் கெடுத்துவிட்டது, நன்றி.

ஒரு சந்தேகம். அறிக்கையில் ஆபத்து நிலை 1 முதல் 5 வரை போடுகிறார்கள். 3 என்றால் நடுவில்தானே, அதாவது ‘கவனமாகப் போகலாம்’ என்று எடுத்துக்கொள்ளலாமா? என் அனுபவசாலி நண்பர் அப்படித்தான் சொல்கிறார்.

மலைக்காகம்

இங்கே நில்லுங்கள். இந்த 3தான் நிறையப் பேரைக் கொன்றிருக்கிறது.

5 என்றால் யாரும் வெளியே போக மாட்டார்கள், சாலையே மூடியிருக்கும். 4 என்றால் பனிச்சரிவுகள் இறங்குவது ஜன்னல் வழியாகவே தெரியும். 3இல் வானம் தெளிந்திருக்கும், புதுப்பனி மின்னும், மலை அமைதியாக இருக்கும், ஆனால் செங்குத்தான சரிவில் ஒரே ஓர் ஆள் ஏறினால் கிளம்பும் அளவுக்குப் பனி தயாராக இருக்கும். ‘நடுத்தரம்’ என்பது எண்ணைப் பார்த்து நாமே வைத்துக்கொண்ட பெயர்.

வெர்னர் முண்டர் என்ற சுவிஸ் மலை வழிகாட்டி இதற்கு ஒரு எளிய கட்டுப்பாட்டைக் கொடுத்தார். நிலை 2 என்றால் 40 பாகைக்குக் கீழே இருங்கள், 3 என்றால் 35க்குக் கீழே, 4 என்றால் 30க்குக் கீழே. இது தொடக்கப்படிதான், வரம் ஒன்றும் இல்லை. முதல் இரண்டு பருவம் இதைவிட ஒரு படி கூடுதலாக இறுக்கிக்கொள்ளுங்கள் என்பேன்: 3 என்றாலே 30க்குக் கீழே. 28 பாகையில் நல்ல புதுப்பனி கிடைத்தால் அது எவ்வளவு சுகமாக இருக்கும் என்று ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

எண்ணோடு நிறுத்தாதீர்கள். அறிக்கையின் கீழே இருப்பதுதான் சத்து: எந்தத் திசை பார்த்த சரிவு, எந்த உயரத்துக்கு மேல், என்ன வகைச் சிக்கல். புதுப்பனியா, காற்று சேர்த்த பனியா, நிலைத்த பலவீன அடுக்கா, ஈரப்பனியா, தரையோடு வழுக்கும் பனியா. காற்று சேர்த்தது என்றால் முகட்டுக்கு மறுபக்கம், காற்று மறைவில் போய்க் குவிந்திருக்கும். வானத்திலிருந்து ஒரு துளி விழாமலே சில மணி நேரத்தில் பலகையைக் கட்டிவிடும் காற்று. ஈரப்பனி என்றால் கடிகாரம் பார்க்க வேண்டும்: இருட்டில் கிளம்பி, வெயில் ஏறிப் பனி குழையும் முன் இறங்கிவிட வேண்டும். நிலைத்த பலவீன அடுக்குக்கு இந்த மாதிரி எந்தத் தந்திரமும் இல்லை. தட்டையான இடமாகப் பார்த்துப் போவது ஒன்றுதான் வழி.

மெதுநடை

பலவீன அடுக்கு பற்றிப் பேச்சு வந்ததால் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். பெருமைப்படும் கதை இல்லை.

அது எனக்கு மூன்றாவது பருவம். வகுப்பு முடித்திருந்தேன், சான்றிதழ் இருந்தது. ஐந்து பேர் போனோம். குழுவில் மூத்தவர் ஒருவர் இருந்தார், மலைக்கே பிறந்தவர் மாதிரி. அறிக்கை 3. நாங்கள் போனது 20 பாகை கூட இல்லாத ஒரு வெளி. பாதுகாப்பான திட்டம் என்று பேசிக்கொண்டே ஏறினோம். நான் நான்காவதாக வந்துகொண்டிருந்தேன்.

திடீரென்று காலடியில் ‘வும்ப்’ என்று ஒரு சத்தம். கனமான கதவை அடுத்த அறையில் யாரோ சாத்திய மாதிரி. நின்ற இடம் ஓரிரு சென்டிமீட்டர் இறங்கியதை முழங்காலில் உணர்ந்தேன். அடுத்த நொடி, எங்களுக்கு மேலே நூறு மீட்டர் தள்ளி இருந்த 35 பாகைச் சரிவில் ஒரு கோடு விழுந்தது. ஜிப்பைத் திறந்தது போல அந்தக் கோடு இரு பக்கமும் ஓடியது. அப்புறம் முழுச் சரிவும் இறங்கியது. நாங்கள் அந்தச் சரிவில் கால் வைக்கவே இல்லை. அதன் அடிவாரத்தில் நடந்தோம், அவ்வளவுதான்.

பனிக்குவியல் எங்களுக்கு முன்னால் போனவரின் ஸ்கீ முனையிலிருந்து ஒரு பத்து மீட்டரில் நின்றது. யாரும் ஒரு நிமிடம் பேசவில்லை.

என்னை இன்றைக்கும் உறுத்துவது அது இல்லை. அதற்கு அரை மணி நேரம் முன்பே ஒரு சின்ன ‘வும்ப்’ கேட்டது. எனக்குக் கேட்டது. எனக்குப் பின்னால் வந்தவருக்கும் கேட்டிருக்கிறது, பிறகு சொன்னார். மூத்தவர் நிற்காமல் நடந்ததால் அவருக்குத் தெரியாததா என்று இருவரும் வாயை மூடிக்கொண்டோம். அவரிடம் பிறகு கேட்டேன். ‘யாரும் எதுவும் சொல்லவில்லை, அதனால் எல்லோருக்கும் சரி என்று நினைத்தேன்’ என்றார்.

வகுப்பில் அந்தச் சத்தத்தின் காரணத்தைச் சொல்லிக் கொடுத்தார்கள், தேர்வில் சரியாக எழுதினேன். கேட்டவுடன் ‘நில்’ என்று உரக்கச் சொல்லும் பழக்கம் எனக்கு வரவில்லை.

மலைக்காகம்

அக்கா, இதை எழுதியதற்கு நன்றி. புதியவர்களுக்காக: இதைத்தான் தொலைவிலிருந்து கிளப்புவது என்கிறோம். தட்டையில் நொறுங்கிய அடுக்கு, விரிசலை மேலே உள்ள சரிவு வரை எடுத்துப் போய்விடும். அதனால் கோணம் அளப்பது என்றால் காலுக்கு அடியில் இருப்பதை மட்டும் அளப்பது ஆகாது. தலைக்கு மேல் என்ன தொங்குகிறது என்பதையும் சேர்த்துத்தான். ‘வும்ப்’ சத்தம், ஸ்கீ முனையிலிருந்து ஓடும் விரிசல், அக்கம்பக்கத்தில் புதிதாக இறங்கிய சரிவு: இந்த மூன்றில் ஒன்றைப் பார்த்தாலும் குழி வெட்டத் தேவையே இல்லை. மலையே சோதனை செய்து விடையைச் சொல்லிவிட்டது.

கணக்குப்பிள்ளை

மெதுநடை சொன்னது தனிப்பட்ட பலவீனம் இல்லை. இயான் மக்கேமன் என்பவர் அமெரிக்காவில் 1972 முதல் 2003 வரை நடந்த 715 விபத்துகளை எடுத்து அலசினார். ஆபத்தின் அடையாளங்கள் கண்ணுக்கு முன்னால் இருந்தும் போனவர்கள் ஏராளம். அவர் பிரித்துக் காட்டிய மனப்பொறிகள் ஆறு. பழகிய இடம்தானே என்ற எண்ணம், மற்றவர் மெச்ச வேண்டும் என்ற ஆசை, வந்ததற்கு முடித்துவிட்டுப் போவோம் என்ற பிடிவாதம், மூத்தவர் இருக்கிறார் என்ற தைரியம், வேறு குழு தடம் போடுவதற்குள் நாம் போட வேண்டும் என்ற அவசரம், பக்கத்தில் ஆள் இருந்தால் வரும் துணிச்சல். இதில் எனக்கு அதிர்ச்சி தந்தது: நன்றாகப் பயிற்சி பெற்றவர்கள்கூடப் பழகிய இடங்களில், பயிற்சியே இல்லாதவர்கள் அளவுக்கு ஆபத்துக்குள் போயிருந்தார்கள்.

2012 பிப்ரவரி 19 அன்று வாஷிங்டன் மாநிலத்தின் டனல் க்ரீக்கில் நடந்தது இதற்கு வலிக்கும் உதாரணம். ஒரே இறக்கத்துக்குக் கிளம்பியவர்கள் 16 பேர். பெரும்பாலும் தேர்ந்தவர்கள், அந்த இடத்தை அறிந்தவர்கள். மூன்று பேர் இறந்தார்கள். பதினாறு பேர் கூடிய இடத்தில் ‘எனக்கு இது சரியாகப் படவில்லை’ என்று யார் தொடங்குவது?

இரவாடி

நான் கொஞ்சம் எதிர்த்துப் பேசலாமா? இந்த இழையை வாசித்தால் மலைக்கே போகக் கூடாது போலிருக்கிறது. இருபது வருடமாகப் போகிறேன். பனியை உணர்வால் அறிவது என்று ஒன்று இருக்கிறது. பாகை, விழுக்காடு, மனப்பொறி என்று தலையை நிரப்பிக்கொண்டால் கண் வேலை செய்யாது.

மெதுநடை

இரவாடி, உங்களைச் சீண்டச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்கிறேன். அந்த இருபது வருடத்தில் உங்கள் உணர்வு எத்தனை முறை சரி, எத்தனை முறை அதிர்ஷ்டம் என்று எப்படிப் பிரிப்பீர்கள்? பலவீன அடுக்கு இருந்தும் அன்று அதன் மெல்லிய இடத்தில் நீங்கள் மிதிக்காமல் போயிருந்தால், சரிவு இறங்காது. நீங்கள் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவீர்கள். மனம் அதை ‘சரியான முடிவு’ என்று எழுதி வைத்துக்கொள்ளும்.

இரவாடி

பிரிக்க முடியாதுதான். யோசிக்கிறேன்.

புதுச்சறுக்கு

சரி, கோணம் புரிந்தது, அறிக்கை வாசிக்கத் தொடங்கிவிட்டேன், தினமும் காலையில். வகுப்புக்கு இன்னும் மூன்று வாரம். பீக்கனைச் சும்மா வைத்திருக்க மனம் வரவில்லை. தனியாக எப்படிப் பழகுவது? அப்புறம், களத்தில் கோணம் அளக்கத் தனிக் கருவி வாங்க வேண்டுமா?

குழிவெட்டி

பீக்கன் பழகப் பெரிய குழு வேண்டாம், ஒரு நண்பரும் இரவலாக இன்னொரு பீக்கனும் கிடைத்தால் போதும். ‘அனுப்பு’ நிலையில் போட்டு, ஒரு பையில் கட்டி, அதைத் திடலில் எங்காவது புதைக்கும்படி நண்பரிடம் சொல்லுங்கள். எல்லா பீக்கனும் 457 கிலோஹெர்ட்ஸில் பேசுபவை, எந்த நிறுவனத்தது என்பது பொருட்டில்லை.

‘தேடு’ நிலைக்கு மாற்றி, முதல் ஒலி கிடைக்கும் வரை வேகமாக நடங்கள், அல்லது ஓடுங்கள். திரையில் வரும் அம்புக்குறி உங்களை நேர்கோட்டில் கூட்டிப் போகாது. காந்தப்புலக் கோடு வளைவானது, நீங்களும் வளைந்துதான் போவீர்கள், பயப்பட வேண்டாம். திரையில் தெரியும் எண் (ஏறக்குறைய மீட்டரில் தூரம்) குறைந்துகொண்டே வர வேண்டும், ஏறினால் எதிர்ப்பக்கம் போகிறீர்கள் என்று அர்த்தம். எண் 10க்கு வந்ததும் வேகத்தைக் குறையுங்கள். 3க்கு வந்தால் மண்டியிட்டு, பீக்கனைப் பனியோடு ஒட்டிப் பிடித்து, திருப்பாமல், கூட்டல் குறி போல மெல்ல நகர்த்தி மிகக் குறைந்த எண்ணைக் கண்டுபிடியுங்கள். புதியவர்கள் எல்லோரும் இங்கேதான் நேரத்தை வீணாக்குகிறார்கள். தசமத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டு ஒரு நிமிடத்தைத் தின்றுவிடுவார்கள். குறைந்த இடம் கிடைத்ததும் புரோப்பை எடுங்கள். சரிவுக்குச் செங்குத்தாகக் குத்தி, 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சுருளாக வெளியே வாருங்கள். பட்டதும் புரோப்பைப் பிடுங்காதீர்கள், அதுதான் உங்கள் அடையாளக் கம்பம்.

இனி ஷவல். இதை யாரும் பழகுவதே இல்லை. எல்லோரும் பீக்கனோடு விளையாடிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். உண்மையில் நேரம் அதிகம் போவது தோண்டுவதில்தான். புரோப்புக்கு மேலே நின்று கிணறு தோண்டாதீர்கள், புதைந்தவர் மேலேயே நிற்பீர்கள், மண்ணை அள்ளிப் போடவும் இடம் இருக்காது. புதைந்த ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம் சரிவில் கீழே இறங்கி, அங்கிருந்து உள்நோக்கி வெட்டுங்கள். பனியைத் தூக்கி எறியாமல் பின்னால் தள்ளுங்கள். இறுகிய பனிக்குவியல் கிடைத்தால் அதில் ஒரு முறை ஒரு மீட்டர் தோண்டிப் பாருங்கள், நான் ஏன் புலம்புகிறேன் என்று புரியும்.

குழிவெட்டி

மேலே ‘மண்ணை அள்ளி’ என்று எழுதிவிட்டேன். பனி. பழக்கதோஷம்.

மலைக்காகம்

கோணம் அளக்க இரண்டு ஸ்கீ கம்பு போதும், இரண்டும் ஒரே நீளம் என்றால். ஒன்றைச் சரிவின் இறக்க வாக்கில் பனியில் அழுத்திப் படுக்க வைத்துத் தடம் பதியுங்கள். மேல் முனையை அதே இடத்தில் ஊன்றி வைத்துக்கொண்டு கீழ் முனையை மெல்லத் தூக்குங்கள். தூக்கிய அந்த முனையிலிருந்து இரண்டாவது கம்பைத் தூக்குக்குண்டு போலத் தொங்கவிடுங்கள். அதன் நுனி பனியைத் தொடும் இடம், பதித்த தடத்தின் கீழ் முனையோடு ஒத்துப் போனால் 30 பாகை. அதற்கும் கீழே போய்த் தொட்டால் 30க்கு மேல், ஒவ்வொரு 10 சென்டிமீட்டருக்கும் ஏறக்குறைய 3 பாகை. அதற்கு மேலேயே தொட்டால் 30க்குள். முதலில் கண்ணால் ஊகித்துவிட்டு அளந்து பாருங்கள். ரிசார்ட்டுக்குள் பாதுகாப்பான ஓட்டங்களிலேயே இதைப் பழகலாம். முதல் வாரம் உங்கள் ஊகம் எவ்வளவு தப்பு என்று பார்த்து வெட்கப்படுவீர்கள், எல்லோரும் பட்டோம்.

வரைபடத்தில் வண்ணம் போட்டுக் காட்டும் கோணத்தை நம்பித் திட்டம் போடலாம். ஆனால் சின்னச் செங்குத்துகள் அந்த வண்ணத்தில் கரைந்துபோகும். 28 என்று காட்டும் இடத்தில் பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு 38 ஒளிந்திருக்கலாம்.

கணக்குப்பிள்ளை

பேட்டரி: அல்கலைன் போடுங்கள், தயாரிப்பாளர் வேறு சொல்லியிருந்தால் ஒழிய. திரும்பச் சார்ஜ் செய்பவை மீதி அளவைச் சரியாகக் காட்டாமல் திடீரென்று இறங்கிவிடும். பருவம் முடிந்ததும் கழற்றி வையுங்கள், கசிந்தால் முனை அரித்துவிடும். போன் பீக்கனிலிருந்து 20 சென்டிமீட்டராவது தள்ளி இருக்கட்டும், தேடும்போது 50. கிளம்பும் இடத்தில் ஒவ்வொருவரின் பீக்கனும் அனுப்புகிறதா, வாங்குகிறதா என்று இரண்டையும் பாருங்கள். ஒரே நிமிட வேலை.

புதுச்சறுக்கு

ஏழு வாரம் கழித்து வருகிறேன். இழையை மேலே தூக்கியதற்கு மன்னிக்கவும்.

வகுப்பு முடிந்தது. பீக்கன் தேடல் முதல் நாள் ஒன்பது நிமிடம், கடைசியில் நான்குக்குள் வந்தது. தோண்டுவதில் கை விட்டுப்போயிற்று, குழிவெட்டி சொன்னது அத்தனையும் உண்மை. பயிற்சியில் ஒருவர் தன் பீக்கனை ‘தேடு’ நிலைக்கு மாற்ற மறந்துவிட்டார், நாங்கள் நால்வரும் இரண்டு நிமிடம் அவரையே தேடிக்கொண்டிருந்தோம்.

போன வாரம் முதல் டூர். நான்கு பேர். அறிக்கை 3, காற்று சேர்த்த பனி, வடக்கு, கிழக்குச் சரிவுகள். திட்டம் 27 பாகை வெளி ஒன்று. மேலே போனதும் பக்கத்தில் வடகிழக்கு பார்த்து ஒரு வளைவு, கம்பு வைத்து அளந்தேன், 36. முகட்டில் காற்று பனியைத் தள்ளிக் குவித்திருப்பது கண்ணுக்கே தெரிந்தது. அனுபவசாலி நண்பர் ‘இதை விட்டுவிட்டா போவோம்?’ என்றார். என் நெஞ்சு அடித்துக்கொண்டது, இருந்தும் ‘எனக்கு வேண்டாம்’ என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு இன்னொருவர் ‘எனக்கும்தான்’ என்றார். 27இல் இறங்கினோம்.

நாங்கள் கீழே வந்து ஸ்கின் ஒட்டிக்கொண்டிருக்கும்போது வேறொரு குழு அதே 36இல் இறங்கியது. மூன்று பேர். அழகாகக் கோடு போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. நண்பர் என்னைப் பார்த்துச் சிரித்தார். வீடு வரும் வரை கேலி. நான் செய்தது தப்பா?

மெதுநடை

தம்பி, அந்த மூன்று கோடுகளுக்கு அடியில் என்ன இருந்தது என்று அவர்களுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. மேலே நின்றபோது உங்களுக்குத் தெரிந்தது 36 பாகை, காற்று மறைவு, நிலை 3. அதை வைத்துத்தான் முடிவு எடுக்க முடியும். கீழே வந்து பார்த்ததை மேலே கொண்டுபோக முடியாது.

ஒரு காரியம் செய்யுங்கள். சின்ன நோட்டுப் புத்தகம் ஒன்று எடுத்து, கிளம்பும் முன் என்ன எதிர்பார்த்தீர்கள், அங்கே என்ன பார்த்தீர்கள், ஏன் போனீர்கள் அல்லது திரும்பினீர்கள் என்று எழுதுங்கள். இறங்கியதா இல்லையா என்பதைக் கடைசி வரியில் எழுதினால் போதும். நான் ஒன்பது வருடமாக எழுதுகிறேன். முதல் பக்கத்தில் அந்தச் சின்ன ‘வும்ப்’ இருக்கிறது.

இரண்டாவதாக ‘எனக்கும்தான்’ என்று சொன்னாரே, அவரை விட்டுவிடாதீர்கள்.

இரவாடி

அந்த அனுபவசாலி நண்பரை இந்த இழைக்கு வரச் சொல்லுங்கள். நானும் அவரும் பேச வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. இந்தப் பருவம் நான் கம்பு வைத்து அளக்கத் தொடங்கியிருக்கிறேன். 33 என்று இருபது வருடமாக நினைத்திருந்த என் செல்லச் சரிவு ஒன்று 39.